‘ஏன்’ என்று கேட்காத வியாழக்கிழமைகள்

போன மாதம் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும் நேரத்தில் போன் அடித்தது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் இப்போது இருக்கிற சின்ன நர்ஸ் ஒருத்தி. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மனநலம் பார்க்கிற பிரிவில் அவளைப் போட்டிருக்கிறார்கள். இப்போதெல்லாம் பெற்றோருக்கு ஒரு கேள்வித்தாள், பிள்ளைக்கு ஒரு கேள்வித்தாள், இரண்டும் செல்போனிலேயே டிக் அடித்து வந்துவிடுகிறதாம். “அம்மா நிரப்புனதப் பாத்தா பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல சிஸ்டர். பிள்ளை நிரப்புனதப் பாத்தா அதுக்கு ஒரு நல்லதும் இல்ல. ரெண்டுல எது பொய்னு எப்படிக் கண்டுபிடிக்க?” என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஏட்டி, பொய்யக் கண்டுபிடிக்கணும்னா நீ போலீஸ் வேலைக்குல்லா போயிருக்கணும்” என்றேன். இரண்டு பேரும் நிஜத்தைத்தான் சொல்வார்கள், ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இரண்டு வீட்டுக் கதையைச் சொல்வார்கள் என்று ஏதோ சொல்லி வைத்தேன். அவளுக்குப் புரிந்ததோ என்னவோ. போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன். ஆட்களின் பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி, மடவார் வளாகத்தில் வீடு. வேலை பார்த்தது ராஜபாளையத்தில். மதுரையில் நர்ஸ் படிப்பு படித்த வருஷங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பெட்பான் கழுவினேன், திட்டு வாங்கினேன், அழுதேன், பாஸ் செய்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் பிரசவ வார்டில் சேர்ந்தேன். காலையில் பஸ் ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் மேற்கே மலை கூடவே வரும். ஆடி மாதக் காற்றில் புளியமரங்களெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும். பாதித் தூக்கமும் பாதி விழிப்புமாக, மலைமேல் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே போவேன். ராஜபாளையத்தை நெருங்கும்போது மில் சங்கு கேட்கும். எங்கிருந்தோ பஞ்சுத் துணுக்குகள் மிதந்து வந்து சேலையில் ஒட்டிக்கொள்ளும். இன்றைக்கும் அந்த வருஷங்களை நினைத்தால் முகங்கள் பிறகுதான் வருகின்றன. முதலில் வருவது அந்தப் பஞ்சு.

பிரசவ வார்டிலிருந்து என்னை மாற்றியதற்குக் காரணம் என் வாய். மூன்றாவதும் பெண் என்று தெரிந்து, குழந்தையைப் பார்க்காமலேயே படியிறங்கிப் போன ஒரு புருஷனை வழிமறித்து, ஊருக்கே கேட்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டுவிட்டேன். அவர் பெரிய கடைக்காரர். மறுநாள் தலைமை நர்ஸ் கூப்பிட்டார். வியாழக்கிழமை மனநலப் பிரிவுக்கு ஆள் வேண்டுமாம், அங்கே வருகிறவர்களிடம் பேச வாய் உள்ளவள்தான் சரியாம். தண்டனையை எவ்வளவு அழகாகச் சொன்னார் என்று அந்த அம்மாவை இப்போதும் மெச்சிக்கொள்வேன். போன பிறகுதான் தெரிந்தது, அங்கே வாயை மூடக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது என்று.

டாக்டர் மங்களம் மதுரையிலிருந்து வியாழக்கிழமைதோறும் வருவார். ஐம்பதை ஒட்டிய வயது, நெடுநெடுவென்று உயரம், கஞ்சி போட்ட நூல் சேலை. உள்ளே யார் வந்தாலும் எழுந்து நிற்பார், சின்னப் பிள்ளையானாலும் சரி. மேஜைக்குப் பின்னால் உட்கார மாட்டார். நாற்காலிகளை ஜன்னலைப் பார்த்துப் போடச் சொல்வார். பேசுகிறவரும் கேட்கிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை, இரண்டு பேரும் சஞ்சீவி மலையைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பேச்சு நின்றுபோனால் அவரும் பேசாமல் மலையைப் பார்ப்பார். எவ்வளவு நேரமானாலும் பார்ப்பார். வெளியே கூட்டம் நிற்கிறதே என்று எனக்குத்தான் உள்ளுக்குள் அரிக்கும்.

அவர் வருவதற்கு முன்னால் அங்கே வழக்கம் வேறு. அப்பாவும் அம்மாவும் பிள்ளையை நடுவில் நிறுத்திவைத்துக் குறையெல்லாம் சொல்வார்கள். பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். டாக்டர் “என்னப்பா, இனிமே ஒழுங்கா இருப்பியா?” என்பார். மண்டை ஆடும். மாத்திரைச் சீட்டு எழுதப்படும். மங்களம் அம்மா வந்த முதல் வாரமே அதை நிறுத்தினார். பெற்றோர் அவரோடு ஜன்னல் அறையில். பிள்ளை என்னோடு, பின்னால் துணிகள் வைக்கிற அறையில். இரண்டு இடத்திலும் கேட்கிற விஷயம் ஒன்றுதான்: சாப்பாடு, தூக்கம், கோபம், பயம், படிப்பு, சினேகிதம். மத்தியானம் நானும் அவரும் உட்கார்ந்து, அங்கே சொன்னதையும் இங்கே சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

துணி அறையில் எனக்கு எப்போதும் ஒரு வேலை இருக்கும். பேண்டேஜ் துணியைச் சதுரமாக வெட்டி மடித்து அடுக்க வேண்டும். வருகிற பிள்ளையின் கையிலும் கொஞ்சம் துணியைக் கொடுத்துவிடுவேன். வேலை கொடுக்கும்படி சொன்னதும் டாக்டர்தான். சும்மா இருக்கிற கை நகத்தைக் கடிக்கும், பாவாடையைத் திருகும், வாயைப் பூட்டிக்கொள்ளும். மடிக்கிற கைக்கு அந்த நினைப்பு இருக்காது. வெள்ளைத் துணி மடியில் குவிய, ஜன்னல் வழியாகக் காற்று வர, பேச்சு தானாக வந்துகொண்டிருக்கும். சில மத்தியானங்களில் அந்தப் பிள்ளைகளின் குரலையும் காற்றையும் பிரித்துச் சொல்ல முடியாது. கனவில் கேட்கிற மாதிரியே இருக்கும்.

ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் தடை. “‘ஏன்’னு மட்டும் கேட்டுறாதீங்க சிஸ்டர். ‘ஏன்’னு கேட்டா பிள்ளை வக்கீலாயிரும், பதில் தயார் பண்ண ஆரம்பிச்சிரும். ‘எப்போ’ன்னு கேளுங்க. ஞாபகம் வரும், அது போதும்” என்பார். ஏன் பார்க்காமல் படியிறங்கினாய் என்று கேட்டு வார்டு மாறி வந்தவள் நான். அந்த வார்த்தையை விழுங்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்படிக் கேட்டதில் எத்தனையோ வேடிக்கை. ராஜபாளையத்திலேயே நல்ல வசதியான வீட்டு அம்மா, தெலுங்கு பேசுகிறவர், வைரத்தோடு மின்ன வந்து, “மா அப்பாயி அன்னமே தினடு” என்று கண்ணைத் துடைத்தார். பையன் சோறே தின்பதில்லையாம், ஏதோ காதல் வியாதியாக இருக்குமாம். பையனோ துணி அறையில் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தான். வீட்டில் சாப்பாட்டு நேரத்தில்தான் அப்பா மார்க்கைப் பற்றிப் பேசுவாராம். அதனால் தினமும் சினேகிதன் வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு வருவானாம். கான்சாபுரத்து விவசாயி ஒருவர், மகன் வாயைத் திறந்தால் பொய்தான் என்று தலையில் அடித்துக்கொண்டார். அந்தப் பையன் துணியை மடித்துக்கொண்டே, “நெசத்தச் சொன்னா கண்டிப்பா அடி விழும். பொய் சொன்னா பாதி நாளு விழாது” என்றான். யார் சொன்னது தப்பு, சொல்லுங்கள் பார்ப்போம்.

கேட்கக் கேட்க எனக்கு ஒன்று பிடிபட்டது. பெற்றோர் சொல்வதெல்லாம் கண்ணில் பட்டதும் காதில் விழுந்ததும்: கதவை அறைகிறான், எதிர்த்துப் பேசுகிறாள், தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறான். பிள்ளைகள் சொன்னதெல்லாம் உள்ளே நடப்பது: பயமாயிருக்கு, யாருக்கும் என்னைப் பிடிக்கல, விடியக்காலம் நெஞ்சு அடிச்சுக்கிடுது. சத்தம் வந்தால்தான் வீட்டுக்குத் தெரியும். சத்தமே வராத பிள்ளையை யாரும் வியாழக்கிழமைக்குக் கூட்டிவருவதில்லை. இது இருக்கட்டும், முத்துவின் கதைக்கு வருகிறேன்.

எண்பத்தேழோ எட்டோ, ஆடி மாதம். செட்டியார்பட்டியிலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒன்பதாவது படிக்கிற மகளோடு வந்தார்கள். அப்பா கருப்பசாமி மில்லில் ஃபிட்டர், கொஞ்சம் பருத்திக் காடும் உண்டு. அம்மா பேச்சியம்மாள் வீட்டோடு இருப்பவர். மகள் முத்து, குச்சி மாதிரிப் பிள்ளை, கண்ணைச் சுற்றிக் கருவளையம்.

அவர்கள் சொன்ன குறை இதுதான். வீட்டில் சாமான் காணாமல் போகிறது, எடுக்கிறது இவள்தான். காசு பணம், தின்பண்டம் என்றால்கூடப் புரியும். இவள் எடுப்பது கிணற்று வாளிக் கயிறு. காட்டுக்கு அடிக்கிற பூச்சிமருந்து டப்பா. அப்புறம், அண்ணன் படிக்கிற அறையின் தாழ்ப்பாள். அதைத் திருப்புளி வைத்துக் கழற்றியிருக்கிறாள். எங்கே என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. அடித்தும் பார்த்தாயிற்று. பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் தலையைப் போட்டுத் தூங்குகிறாள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். ராத்திரியில் எழுந்து வீட்டுக்குள் நடக்கிறாள்.

இதற்கெல்லாம் காரணமும் அவர்கள் கையில் தயாராக இருந்தது. அண்ணன்மேல் பொறாமை. மூத்தவன் கணேசன் பிளஸ் டூவில் எதிர்பார்த்த மார்க் வரவில்லை என்று வீட்டிலிருந்தபடியே இம்ப்ரூவ்மென்டுக்குப் படித்துக்கொண்டிருந்தான். அவனைப் படிக்க விடாமல், தண்ணீர் வேண்டுமா, இந்தக் கணக்கு எப்படி என்று நிமிஷத்துக்கு ஒருதரம் போய்த் தொந்தரவு செய்கிறாளாம். “அவன் தங்கம் டாக்டரம்மா. இருக்க எடம் தெரியாது. இவதான் கோட்டி பிடிச்ச மாதிரி ஆடுதா” என்றாராம் பேச்சியம்மாள். ஆடி கழிந்ததும் முத்துவின் படிப்பை நிறுத்தித் தூத்துக்குடியில் அத்தை வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுவதென்று முடிவும் செய்திருந்தார்கள். மூத்தவன் நிம்மதியாகப் படிக்க வேண்டும். அதுவரை இவளுக்கு ஒரு மாத்திரை கொடுத்தால் போதும்.

முத்து துணி அறையில் ஒன்றும் சொல்லவில்லை. தூக்கம் நல்லா வருது. சாப்பிடுதேன். கோவமா, அப்படில்லாம் இல்ல. எல்லாம் சரியாத்தான் இருக்கு. துணியை மட்டும் விளிம்பு பிசகாமல் மடித்தாள். நடுநடுவே, “மணி என்னக்கா? எப்பம் வீட்டுக்குப் போவோம்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்து பார்ப்பாள். பிள்ளைக்கு இருப்புக் கொள்ளவில்லை என்று மத்தியானம் டாக்டரிடம் சொன்னேன். அவர் மாத்திரை எழுதவில்லை. அடுத்த வாரம் வரச் சொன்னார், ஒரே உலையில் பொங்கித் தின்கிற எல்லாரும் வர வேண்டும் என்றார். அது அவருடைய வழக்கம். இரண்டாம் தடவை வீடே வந்தாக வேண்டும். அண்ணனுக்குப் படிப்பு கெட்டுப்போகுமே என்று அப்பா இழுத்தார். டாக்டர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவே சரி என்றார்.

அடுத்த வியாழன் நால்வருமாக வந்தார்கள். கணேசன் வெளியே பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை, மடியில் திறந்த புத்தகம். அந்த வழியாகப் போனவர்களெல்லாம் ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், அப்படி ஒரு அடக்கம். பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஆயா ஒருத்தி என் காதில் சொன்னாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அன்றைக்கு முத்து வேறு பிள்ளையாக இருந்தாள். அமைதியாக உட்கார்ந்து மடித்தாள். நான் பார்த்த படம் ஒன்றின் கதையைச் சொன்னேன், சிரிக்கக்கூடச் செய்தாள். மணி கேட்கவே இல்லை. துணி அறையின் கதவு வழியாக வெளி பெஞ்சு தெரியும். அவள் அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளியே காற்று ஓய்ந்து ஓய்ந்து அடித்தது. வெயிலில் பஞ்சு ஒன்று வந்து அவள் மடித்த துணிமேல் உட்கார்ந்தது. அவள் அதை ஊதாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இவளையா கோட்டி, பைத்தியம் என்கிறார்கள் என்று நினைத்தேன்.

அந்த நேரம் டாக்டர் எல்லாரையும் கூப்பிட்டார். முத்துவைப் பத்து நாள் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்க்கலாம் என்றார். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முகம் தெளிந்தது. முத்து அப்படியே தரையில் விழுந்து டாக்டரின் காலைப் பிடித்துக்கொண்டாள். என்னை வைக்காதீங்க, நான் வீட்டுக்குப் போகணும், இனிமே எதையும் எடுக்க மாட்டேன், பள்ளிக்கூடத்தை வேணும்னாலும் நிறுத்திருங்க, வீட்டுல மட்டும் இருக்க விடுங்க என்று ஒரே அழுகை. தூத்துக்குடிக்கும் போக மாட்டாளாம். பேச்சியம்மாள் டாக்டரைப் பார்த்து, “பாத்தீகளா? இதத்தான் சொன்னேன்” என்றார். கணேசன் தலையைக் குனிந்தபடி நின்றான்.

அடி வாங்குகிற வீடு. திருடி என்று பெயர் கிடைத்த வீடு. அந்த வீட்டுக்குப் போக இந்தப் பிள்ளை ஏன் இப்படித் துடிக்கிறது? ‘ஏன்’ என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார். பேசாமல் அவளைத் தூக்கி நிறுத்தித் துணி அறைக்குக் கூட்டிப்போனேன்.

கையில் துணியைக் கொடுத்தேன். விக்கிக்கொண்டே மடித்தாள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே சொன்னாள், “எங்கிட்ட ஒண்ணும் கேக்காதீகக்கா. நான் சத்தியம் பண்ணிருக்கேன்.”

“யார் மேல?”

“அம்மா மேல.”

இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அம்மா தலையில் அடித்துச் செய்கிற சத்தியம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். மீறினால் அம்மா போய்விடுவாள். நான் சர்ச்சுக்குப் போகிறவள், சத்தியம் பண்ணாதே என்று சொல்லித்தான் வளர்த்தார்கள். ஆனாலும் பத்து வயதில் அம்மா மேல் சத்தியம் செய்துவிட்டு, ராத்திரியெல்லாம் அம்மாவுக்கு மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். அதனால் அதெல்லாம் சும்மா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“சரி, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். கயிற எந்த நாளு எடுத்த? அத மட்டும் சொல்லு” என்றேன்.

அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். நாளைச் சொல்வது சத்தியத்துக்கு உள்ளே வருமா வெளியே வருமா என்று கணக்குப் பார்க்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. வெளியேதான் என்று முடிவு செய்திருக்க வேண்டும்.

“அண்ணனுக்கு ரிசல்ட் வந்த அன்னைக்கு. கெணத்தடியில ரொம்ப நேரம் நின்னுக்கிட்டு இருந்தான். அவன் வீட்டுக்குள்ள வந்த பொறவு எடுத்தேன்.”

“மருந்து டப்பா?”

“அண்ணன் அவன் பேனா, கேரம் போர்டு எல்லாத்தையும் எனக்கே எனக்குன்னு குடுத்தாம்லா, அன்னைக்கு.”

“தாழ்ப்பாள்?”

“பகல்ல கதவச் சாத்திக்கிட்டு, கூப்பிடக் கூப்பிடத் தொறக்காம இருந்தான். அன்னைக்கு.”

என் கையிலிருந்த கத்தரிக்கோலை மேஜைமேல் வைத்தேன். நான் கேட்டது மூன்று திருட்டைப் பற்றி. மூன்றுக்கும் அவள் சொன்ன நாள் அண்ணனுடைய நாள். போன வாரம் அப்பா அம்மா இரண்டு பேரும் இங்கே இருந்தார்கள், அவன் வீட்டில் தனியாக இருந்தான். அதனால்தான் மணி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இன்றைக்கு அவன் கண்ணெதிரே பெஞ்சில் இருக்கிறான், அதனால் சிரித்தாள். இவளைப் பத்து நாள் இங்கே வைத்திருந்தால், தூத்துக்குடிக்கு அனுப்பியிருந்தால், அந்த வீட்டில் அவனைப் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்?

“நீ எதுவும் சொல்லல முத்து. நானாத்தான் கண்டுபிடிச்சேன். உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் ஓடினேன்.

டாக்டர் முழுதும் கேட்டார். பெற்றோரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கணேசனைக் கூப்பிட்டார். எழுந்து நின்று அவனை வரவேற்றார். இருவரும் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். மலைமேல் சாரல் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் கீழ்ச்சரிவு மறைந்தது, பிறகு உச்சியும் மறைந்தது. டாக்டர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “எப்போ இருந்துப்பா தூக்கம் இல்ல?” என்றார்.

அவன் மலையைக் கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே யாரோ டீ கிளாஸ் அடுக்குகிற சத்தம் கேட்டது. மலை மறுபடி தெரியத் தொடங்கிய நேரம், “மார்ச்சுல இருந்து” என்றான். அதற்குப் பிறகு அவன் சொன்னதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. பரீட்சை எழுதும்போதே எழுத்தெல்லாம் மங்கித் தெரிந்ததாம். காலையில் எழுந்து பல் விளக்குவதே மலையேறுகிற மாதிரி இருக்குமாம். தான் இல்லாவிட்டால் வீட்டுக்குப் பாரம் குறையும் என்று தினமும் தோன்றுமாம். தங்கச்சியிடம் ஒரு தடவை வாய் தவறிச் சொல்லிவிட்டு, வெளியே சொல்லக் கூடாதென்று சத்தியம் வாங்கிக்கொண்டானாம். வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பார்த்தாயா என்று டாக்டர் கேட்டார். “யாரும் கேக்கலியே டாக்டர். நான் நல்லாருக்கேன்னுதான எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்காக” என்றான். அதைச் சொல்லும்போதுதான் அழுதான்.

பெற்றோரை உள்ளே கூப்பிட்டார். மருத்துவம் பார்க்க வேண்டியது மகளுக்கு இல்லை, மகனுக்கு என்றார். கருப்பசாமி, “இவனுக்கா?” என்று மகனையும் டாக்டரையும் மாறி மாறிப் பார்த்தார். “சத்தமாக்கூடப் பேச மாட்டானே டாக்டரம்மா.”

“அதத்தான் நீங்க நல்லாருக்கான்னு நெனச்சிட்டீங்க” என்றார் டாக்டர். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூட அந்த மனிதருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பேச்சியம்மாளுக்கு முதலில் வந்தது ஆத்திரம். வாசலில் நின்ற மகளைப் பிடித்து உலுக்கி, தெரிஞ்சுக்கிட்டே மூடி மறைச்சியா, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா என்று கத்தினார். முத்து என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கணேசன் சொன்னான், “அவள ஒண்ணும் சொல்லாத. நான்தான் ஒம்மேல சத்தியம் வாங்கிட்டேன்.”

உலுக்கிய கை நின்றது. பேச்சியம்மாள் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். அடி வாங்கியும் மகள் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது தன் உயிரைக் காப்பாற்றுவதற்காகத்தான் என்று விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விளங்கிய பிறகு சத்தமில்லாமல் அழுதார்.

கணேசனை அன்றைக்கே சேர்த்தோம். அம்மா கூட இருந்தார். மாத்திரையும் பேச்சுமாக மாதக்கணக்கில் ஆனது. நடுவில் ஒருதரம் மோசமாகி மறுபடி வந்தான். ஆனால் தேறினான். அந்த வருஷம் பரீட்சையே எழுதவில்லை. பிறகு பாலிடெக்னிக் சேர்ந்தான். கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க எங்கள் வீட்டுக்கே வந்தான். இருக்கிற இடம் தெரியாத பிள்ளையாக இல்லை. காபியில் சீனி பத்தவில்லை என்று என்னிடமே சொன்னான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் கண்ணை மூடினால் எனக்கு வருவது, அவனைச் சேர்த்த அன்றைய சாயங்காலம்தான். வார்டில் அவனைப் படுக்க வைத்துவிட்டுத் துணி அறைக்கு வந்தேன். முத்து அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மடிக்க வேண்டிய துணியெல்லாம் மடித்து முடித்திருந்தாள். இன்னும் வெளுப்புக்குப் போகாத துணி மூட்டைகள் மூலையில் கிடந்தன.

“அக்கா, இனிமே அண்ணன நீங்க பாத்துக்கிடுவீகளா?” என்று கேட்டாள்.

பார்த்துக்கொள்வோம் என்றேன்.

“ராத்திரியும் பாப்பீகளா?”

“ராத்திரி முழுக்க டூட்டியில ஒரு சிஸ்டர் முழிச்சே இருப்பா. உங்கம்மாவும் பக்கத்துலயே இருப்பாக.”

அவள் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்கிறேனா என்று பார்த்திருப்பாள்.

“அப்பம் நான் தூங்கட்டுமா?” என்றாள்.

தூங்கு என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அந்தத் துணி மூட்டைமேல் சாய்ந்துவிட்டாள். வாய் லேசாகத் திறந்து, ஒரு கை தொங்க, அப்படி ஒரு தூக்கம். பிரசவம் முடிந்த தாய்மார்கள் தூங்குவதைப் பார்த்திருக்கிறேன், ஒரு பிள்ளை அப்படித் தூங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ராத்திரி ஷிப்டுக்குப் போக வேண்டும், மகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்று கருப்பசாமி அவளைத் தேடிக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். எப்போதிருந்து இப்படித் தூங்காமல் இருந்தாள் என்று என்னிடம் கேட்டார். ரிசல்ட் வந்த நாளிலிருந்து என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மூட்டைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மகள் முகத்தில் ஈ உட்காராமல் வீசத் தொடங்கினார்.

செட்டியார்பட்டி பஸ் வருகிற நேரமாயிற்று என்று நினைவுபடுத்தினேன். “இந்த பஸ் போகட்டும் சிஸ்டர்” என்றார். மில் சங்கு ஊதியது, தலையைத் தூக்கக்கூட இல்லை. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. என் ஊர் பஸ்ஸுக்கு நேரமாகி நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது எட்டிப் பார்த்தேன். துண்டு இன்னும் வீசிக்கொண்டிருந்தது. அவள் எழுந்துவிடுவாளோ என்று வாயில் விரலை வைத்து, என்னைச் சத்தம் போடாமல் போகச் சொன்னார்.